ஒன்றரை ஷிப்ட்

"செல்லத்தாய் செத்தாச்சு" என்று தமிழ்மதி சொன்னதும் ஷைமா கையிலிருந்த இருபது முகப் பகடையை உருட்டாமல் பாயில் வைத்தாள்.

"எப்படிக்கா?"

"பதிமூணு மணி நேரம் ஆயிருச்சு. ஆத்துல வெள்ளம்னு சுத்திப் போனீங்கல்ல, அங்கயே ரெண்டு மணி நேரம் போச்சு. உயிர்ப்புள்ளி சைபரானா ஒரு நாளுக்குள்ள வைத்தியர்கிட்டச் சேர்க்கோணும். நோட்டுல இருக்குது."

செல்லத்தாய் என்பவள் ஒரு முழுநீளத் தாளில் பென்சிலால் எழுதப்பட்டவள். பூட்டு திறப்பாள், சுவர் ஏறுவாள், பொய் சொன்னால் எதிராளி நம்ப வேண்டியதுதான். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஷைமா அவளாக இருந்து பேசியிருக்கிறாள். அடுத்த மாதம் ஷைமாவுக்கு நிக்காஹ், அதற்குப் பிறகு ஆம்பூர். அங்கே போய் யாரிடம் பகடை உருட்டுவது? அதனால் செல்லத்தாயை ஒரு நல்ல இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இன்று செல்லத்தாய் விஷமுள்ளில் கால்வைத்து விழுந்துவிட்டாள்.

காதர்பேட்டையில் ஷைமாவின் அப்பா பசீர் அகமதுவின் பனியன் கடை. அதன் மாடியில், கட்டுக்கட்டாக அடுக்கிய பனியனுக்கு நடுவே பாய் விரித்துத்தான் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார்; இப்போது அது தமிழ்மதி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடையும் விதியும் தீர்மானிக்கும். அறைக்கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது ஷைமாவின் அம்மா ஜெய்புன்னிசாவின் விதி. வாசலுக்கு வெளியே உட்கார்ந்து அவர் பனியன்களை டஜன் டஜனாகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த விதியை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மற்றதையெல்லாம் தமிழ்மதிதான் மொழிபெயர்த்தாள்.

"ஒரு நாளுக்குள்ளதானே?" என்றான் சரவணக்குமார். "பதிமூணு மணி நேரம் எப்படி ஒரு நாளாகும்?"

தமிழ்மதி நோட்டைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். நீல மையில், அவளுடைய குண்டுகுண்டான கையெழுத்து. 'ஒரு நாள், அதாவது ஒன்றரை ஷிப்ட்.'

சரவணக்குமார் சிரித்தான். "ஒன்றரை ஷிப்டா? வெள்ளக்காரன் எழுதின புக்குல ஷிப்ட் எங்க வந்துச்சு தமிழ்?"

அவனோடு இதுதான் வம்பு. இரண்டு வருடம் பெங்களூரில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊருக்கு வந்திருந்தான். ஆட்டத்தின் புத்தகம் அவனுடையது. பனியன் வாங்கும் ஜெர்மன் பையரோடு சாம்பிள் பார்க்க வந்த ஒருவன் அவனிடம் விட்டுப்போனது. பெரிய விதிப்புத்தகம் ஒன்று, அதற்குத் துணையாக விஷங்களையும் மருந்துகளையும் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்று. கோயமுத்தூரில் இங்கிலீஷ் மீடியம் படித்தவன் என்பதால் முதலில் அவன்தான் ஆட்டத்தை நடத்தினான். எந்த விதியைக் கேட்டாலும் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "அது காம்ப்ளிகேட்டட், விடு" என்பான். ஒருமுறை தமிழ்மதி ஒரு வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்தபோது அவன் திருத்திய விதத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவள் இரண்டு புத்தகத்தையும் இரவல் கேட்டாள். தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் பிரிவில் சோற்று நேரத்தில், டிபன் பாக்ஸை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டி எட்டு மாதம் விதிகளைத் தமிழில் எழுதினாள். அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி, அம்மா பனியனில் பிழை பார்க்கும் செக்கிங் டேபிள். அந்த வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. அந்த டிகிரி செய்த உருப்படியான வேலை இந்த நோட்டுதான் என்று அவள் நினைத்தாள். புத்தகம் அவனோடு பெங்களூர் போனது. நோட்டு இங்கே தங்கியது, அதை வைத்து ஆட்டமும் தொடர்ந்தது.

இன்றைக்கு டீ குடிக்கும்போதே அவன் சொல்லிவிட்டான். "இத்தனை நாள் நோட்ட வெச்சுச் சமாளிச்சுட்டீங்க. இனி நான் இங்கதான். அடுத்த வாரத்துல இருந்து ஒரிஜினலை வெச்சு நானே நடத்தறேன்."

யாரும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு தப்பு தெரிந்தால் போதும், நோட்டு மூட்டைக்குப் போய்விடும். தமிழ்மதிக்கு அது நன்றாகத் தெரியும்.

"புக்கைப் பாத்துரலாமே" என்று சரவணக்குமார் பையைத் திறந்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த இரண்டு புத்தகங்களும் பாயில் வந்து விழுந்தன.

"பாருங்க" என்றாள் தமிழ்மதி. குரல் கொஞ்சம் அதிகமாகவே ஏறியது.

அவன் பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பத்தியைக் கண்டுபிடித்தான். படித்தான். இன்னொரு தரம் படித்தான். "ஒரு நாள்னுதான் போட்டிருக்கான்."

"அதைத்தானே நானும் எழுதியிருக்கேன்."

"நாள்னா இருபத்துநாலு மணி நேரம். இதுல என்ன சந்தேகம்?"

"ஆருக்குங்க?" என்றான் வெள்ளியங்கிரி. அதுவரை சுவரில் சாய்ந்திருந்தவன். ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், முப்பத்தைந்து வயது. எட்டாவதோடு படிப்பை விட்டவன். இங்கிலீஷில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எஸ், எம், எல், எக்ஸெல் என்ற பனியன் சைஸ்கள்தான். "காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்கு வெளிய வர்றோம். பன்னெண்டு மணி நேரம். ஒன்றரை ஷிப்ட். அதானுங்க ஒரு நாளு. மிச்சம் தூங்கறது, குளிக்கறது. அதையெல்லாமா நாள்ல சேத்தறாங்க பெங்களூர்ல?"

ஷைமா சிரித்துவிட்டாள். சாகப்போகிறவள் அவள்தான், இருந்தும் சிரித்தாள்.

"எங்க அம்மாவும் அப்படித்தான்" என்றாள் தமிழ்மதி. "ஒரு ஷிப்டோட வந்தா, இன்னைக்கு நாள் ஆகலைன்னுதான் சொல்லும். இந்த ஊர்ல வந்து ஒரு நாள்னா எத்தனை மணின்னு யாரை வேணா கேளுங்க."

"சரி, கேக்கறேன்." சரவணக்குமார் வாசல் பக்கம் திரும்பினான். "ஏனுங்கம்மா, ஒரு நாள்னா எப்ப முடியுதுங்க?"

ஜெய்புன்னிசா கையை நிறுத்தவில்லை. "பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுகைக்கு பாங்கு சொன்னா நாள் மாறிப்போச்சு தம்பி. அந்தப் புள்ளைக்கு எப்ப அடிபட்டுச்சு?"

"காலைல ஆறு மணிக்கும்மா" என்றாள் ஷைமா.

"வைத்தியர்கிட்ட?"

"ஏழு மணி. ராத்திரி."

"அப்ப மக்ரிப் தாண்டிருச்சு. மவுத்துதான்."

"நீயுமாம்மா?"

வெள்ளியங்கிரி தொடையைத் தட்டிச் சிரித்தான். சரவணக்குமாருக்கே சிரிப்பில் உதடு கோணியது. பெரிய புத்தகத்தை மூடினான். "ஓக்கே. புக்குல தெளிவா இல்லை. அது தமிழோட வியாக்கியானம்னு வெச்சுக்கலாம். விட்டுட்டேன்."

ஜெயித்தாயிற்று. தமிழ்மதிக்குக் காது சுட்டது. ஜெயித்த சூடு என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அவள் கண் சின்னப் புத்தகத்தின் மேல் இருந்தது. விஷங்களையும் மருந்துகளையும் பற்றிய அந்தத் துணைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு கட்டம் உண்டு. நேர அளவுகள். ஒரு சுற்று எத்தனை நொடி, ஒரு காவல் முறை எத்தனை மணி, ஒரு நாள் எத்தனை மணி. எழுதிக்கொண்டிருந்தபோது கடைசியாக அங்கேதான் வந்து நின்றாள். சோற்று நேரம் முடிந்து பெல் அடித்தது. நாளுக்கு எத்தனை மணி என்றுகூடவா எழுத வேண்டும் என்று மூடிவிட்டாள். ஒன்றரை ஷிப்ட் என்று முன்பே எழுதியிருந்ததை அப்போது நினைக்கவில்லை. அது சத்தியம்.

ஆனால் போன வருடம் நினைத்தாள். போன வருடம் வெள்ளியங்கிரியின் பாத்திரம், காசிமாயன் என்ற வாள்வீரன், இதே மாதிரி விழுந்து பதினாலாவது மணியில் செத்தான். வெள்ளியங்கிரி தாளைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அம்மிணி, புக்குல வேற எங்கயாச்சும் இதப் பத்தி இருக்குதுங்களா?" அந்தக் கட்டம் அவள் கண்முன் வந்தது. புத்தகமோ பெங்களூரில். நோட்டில் தப்பு என்று சொன்னால் நோட்டே தப்பு என்றாகிவிடும். "இல்லீங்கண்ணா" என்றாள். அவன் இரண்டு மாதம் ஆட்டத்துக்கு வரவில்லை. வந்தபோது பொதிக்கழுதை ஓட்டும் ஒரு புது ஆளை எழுதிக்கொண்டு வந்தான். இன்றுவரை அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

ஷைமா தாளை எடுத்தாள். "சரிக்கா. ரூல்னா ரூல்தான்" என்று இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக.

அவளுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவில் நிற்பது தமிழ்மதி ஒருத்திதான். வெள்ளியங்கிரிக்கும் அப்படித்தான். இங்கிலீஷ் தெரியாதவனிடம் 'கம்பெனி ரூல் அப்படித்தான்' என்று பேப்பரை மடித்து வைத்துக்கொள்ளும் மேனேஜர்களைத் தமிழ்மதி வாய்கிழியத் திட்டியிருக்கிறாள். கேண்டீனில் நின்று, எல்லோரும் கேட்கும்படி.

"மடிக்காதே" என்றாள்.

சின்னப் புத்தகத்தை எடுத்தாள். பின்பக்கமாகத் திருப்பி, கடைசித் தாளை ஒரே இழுப்பில் விரித்து, பாய் நடுவில் வைத்தாள்.

"இதுல இருக்குது. ஒரு நாள்னா இருபத்துநாலு மணி நேரம். செல்லத்தாய் சாகலை."

சரவணக்குமார் குனிந்து பார்த்தான். நிமிரும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது. "நான் சொன்னேனா இல்லையா? இதுக்குத்தான் ஒரிஜினல் வேணும்ங்கறது."

அவனை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளியங்கிரி சுவரை விட்டு முன்னால் வந்திருந்தான். அந்தக் கட்டத்தை அவனால் படிக்க முடியாது. இருந்தாலும் இரண்டு, நாலு என்ற எண்கள் தெரிந்தன. அதன்மேல் விரலை வைத்தான்.

"அப்ப என்ற காசிமாயன்?"

"சாகலீங்கண்ணா."

"பதினாலு மணி நேரந்தானுங்களே ஆச்சு."

"ஆமாங்கண்ணா. பத்து மணி நேரம் மிச்சம் இருந்துச்சு."

வெளியே பெட்டியில் பனியன் விழும் சத்தம் நின்றிருந்தது.

"பக்கத்தத் தேடவே இல்லீங்களே அம்மிணி" என்றான் வெள்ளியங்கிரி. சத்தம் போடவில்லை. துணியில் கத்தியை இறக்கும் முன் மார்க்கைச் சரிபார்க்கிறவனைப் போல மெதுவாகக் கேட்டான். "அவரு அந்தப் பெரிய புக்குல எத்தன நேரம் பொரட்டுனாரு. நீங்க நேரா எடுத்தீங்க."

தமிழ்மதி அந்தக் கட்டத்தையே பார்த்தாள்.

"அன்னிக்கு நான் கேட்டனுங்களே. வேற எங்கயாச்சும் இருக்குதான்னு."

"கேட்டீங்க."

"இல்லீன்னீங்க."

"ஆமா."

ஷைமா, "அக்கா" என்றாள்.

"சரி விடுங்க, பழசு" என்று சரவணக்குமார் கையைத் தட்டினான். "இனிமே இந்தப் பிரச்சினையே இல்லை. நோட்ட மூட்டை கட்டுங்க. புக்கு இருக்கு, நான் இருக்கேன்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றான் வெள்ளியங்கிரி, அவன் பக்கம் திரும்பாமலே. நோட்டை எடுத்து விதி இருந்த பக்கத்தைப் பிரித்து, பேனாவோடு தமிழ்மதி முன்னால் வைத்தான். "எழுதுங்க. காசிமாயன் செத்தது தப்புன்னு."

அவள் ஓரத்தில் எழுதினாள். 'ஒரு நாள் என்பது இருபத்துநாலு மணி நேரம். தெரியாமல் ஒன்றரை ஷிப்ட் என்று எழுதிவிட்டேன். காசிமாயன் செத்தது தவறு. தமிழ்மதி.'

வெள்ளியங்கிரி வாய்க்குள் படித்தான். நடுவில் ஒரு வார்த்தையில் நின்றான். நோட்டைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினான்.

"தெரியாமங்களா?"

"எழுதறப்பத் தெரியாதுங்கண்ணா. சத்தியமா. நீங்க கேட்டப்பத் தெரியும்."

"அப்ப அதையும் எழுதுங்க."

சரவணக்குமார் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கிறான் என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கசந்தது. அதனாலேயே எழுத்தைப் பெரிதாக எழுதினாள், பாய்க்கு அந்தப் பக்கமிருந்தும் தெரியட்டும் என்று. 'வெள்ளியங்கிரி அண்ணன் கேட்டபோது தெரிந்தே இல்லை என்றேன்.'

அவன் படித்தான். தலையை ஆட்டினான். மன்னித்ததாக அதற்கு அர்த்தம் கிடையாது; படித்துவிட்டேன் என்று மட்டும்தான் அர்த்தம்.

"அடுத்த வாரம் புக்குலதானே?" என்றான் சரவணக்குமார்.

"உங்க புக்கு எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றான் வெள்ளியங்கிரி. "நாளைக்கு நீங்க இல்லீன்னு சொன்னா நான் எதைப் பாக்கறது? நோட்டு எனக்குப் படிக்கத் தெரியும். தப்பு எங்கன்னும் இப்பத் தெரியும். நோட்டுலயே ஆடலாம். ஷைமா, நீ என்ன சொல்ற கண்ணு?"

"நோட்டுதாண்ணா."

"அந்தக் கடைசிப் பக்கத்தையும் அதுல எழுதிப்போடச் சொல்லுங்க. முழுசா. அப்பறந்தான் ஆட்டம்."

இதை அவன் சரவணக்குமாரிடம் சொன்னான். தமிழ்மதி ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். அம்மிணி என்ற வார்த்தை அதற்குப் பிறகு அன்று அவன் வாயில் வரவில்லை.

ஷைமா நாலாக மடித்த தாளைப் பிரித்து முழங்காலில் வைத்து நீவினாள். சரவணக்குமார் சின்னப் புத்தகத்தைப் பைக்குள் வைக்கப் போனான். வெள்ளியங்கிரி கையை நீட்டி அதை வாங்கி, கட்டம் தெரியும்படி விரித்துப் பிடித்துக்கொண்டான். அவனால் படிக்க முடியாத பக்கம். அதை அசையாமல் பிடித்தபடி, ஒவ்வொரு வரிக்கும் அவள் எழுதுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ்மதி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். பதினெட்டு வரிகள். ஒன்றையும் விடவில்லை.