நடைமேம்பாலத்தில் கடைசி ஞாயிறு

மருத்துவமனையில் எல்லோரும் அவளை எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் ஊரார் எலும்பைப் பார்ப்பாள். ஞாயிறு காலையில் ரயில் பார்ப்பாள். பதினாறு வருடமாக அதே நடைமேம்பாலம், அதே மூன்றாவது விளக்குக் கம்பம். அங்கே தண்டவாளம் வளைவதால் எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை ஒரே பார்வையில் கிடைக்கும்.

புதுப் பாதை போடுவதற்காகப் பாலத்தை இடிக்கப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தனியாக நின்று விடைபெற வேண்டும் என்று அந்தக் கடைசி ஞாயிறு விடிந்ததுமே கிளம்பிவிட்டாள்.

படியேறியதும் மனசு சுருக்கென்றது. ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். நடுவில், அவளுடைய கம்பத்தில் சாய்ந்தபடி, குச்சியில் மாட்டிய செல்போனோடு அவள் தங்கை.

தங்கையை இங்கே கூட்டி வந்ததே அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் கொட்டாவி விட்டவள், இப்போது யூடியூபில் எண்பதாயிரம் பேருக்கு ரயில் கதை சொல்கிறாள். முக்கால்வாசி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்தவை.

“மக்களே, இது என்னோட இடம். இன்னிக்கு இதுக்கு டாட்டா சொல்லப் போறோம்!”

என்னோட இடமாம்! அக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஏழரை மணி விரைவு ரயில் வளைவில் வந்தது. கூட்டம் கூச்சல் போட்டது. எஞ்சின் ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்து, தங்கையைப் பார்த்துக் கையசைத்தார். பதினாறு வருடத்தில் ஒருவர்கூட அக்காவைப் பார்த்துக் கையசைத்ததில்லை. அவளும் யாருக்கும் கையசைத்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கூட்டத்தில் ஒரு கண்ணாடிக்காரர் தங்கையிடம் கேட்டார். “ஏம்மா, இந்தப் பாதையில முதல் கரண்ட் ரயில் எந்த வருஷம் ஓடுச்சு?”

தங்கை திருதிருவென்று விழித்தாள். அப்போதுதான் ஓரத்தில் நின்றவளைக் கவனித்தாள். “அக்கா, நீ சொல்லேன்.”

இரண்டாயிரத்துப் பதின்மூன்று. அன்றைக்குத் தொப்பலாக நனைந்துகொண்டு இதே கம்பத்தடியில் நின்றவள் அவள்.

“ரெண்டாயிரத்துப் பத்து,” என்றாள் அக்கா. குரல் பிசிறவில்லை.

தங்கை அதையே கேமராவைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் வீடியோவுக்குக் கீழே கிண்டல் குவிந்துவிட்டது. ‘வருஷமே தெரியல, இதுல என்னோட இடமாம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தான் நினைத்ததையே அடுத்தவர் எழுதியிருப்பதைப் பார்த்ததும் அக்காவுக்கு வாய் கசந்தது. தங்கைக்குப் போன் போட்டாள்.

“நான் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன்.”

“தெரியும்க்கா. மயிரிழை விரிசலையே கண்டுபிடிக்கிற ஆளு, வருஷத்த மறப்பியா?”

“அப்ப அக்காதான் சொன்னான்னு எழுத வேண்டியதுதானே?”

“எழுதத்தான் நெனச்சேன். உன் எரிச்சல் புரிஞ்சதால விட்டுட்டேன்.” தங்கை கொஞ்சம் தயங்கினாள். “உன்னப் பாத்தா எனக்கும் எரியும்க்கா. நீ சும்மா நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போயிடற. எனக்கு அது வரவே மாட்டேங்குது. சரி, அடுத்த ஞாயிறு எங்க நிக்கப் போற?”

ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மேட்டை அக்கா முன்பே பார்த்து வைத்திருந்தாள்.

“போனை வீட்டுல வச்சுட்டு வர்றதா இருந்தா சொல்றேன்.”

“யோசிச்சுச் சொல்றேன்க்கா,” என்று தங்கை போனை வைத்துவிட்டாள்.

அவள் வரவே கூடாது என்று அக்காவின் மனசில் ஒரு ஓரம் வேண்டிக்கொண்டது.