பெல்ட்டை எட்டாகப் போட்ட நாள்

“முருகனுக்குப் பன்னிரண்டு கை இருக்கே, அம்மாவுக்கு ஒண்ணு குடுத்தா என்னவாம்?”

கண்டி கதிரேசன் கோயிலில் ஆறு வயது லோஜினி இப்படிக் கேட்டபோது, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுடைய அம்மா கலாராணி சிரிக்கவில்லை. முறிந்த வலது மணிக்கட்டில் போட்டிருந்த மாவுக்கட்டை அன்று காலைதான் பேராதனை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தக் கையால் பிடிக்க முடிந்தது. எதையும் சுற்ற முடியவில்லை.

அவளுடையதோ சுற்றும் வேலை. தேங்காய்ச் சிரட்டையில் அகப்பை செய்பவள் அவள். காம்பு நுழைய ஒவ்வொரு சிரட்டைக்கும் இரண்டு துளை வேண்டும். கைப்பிடியைச் சுற்றித் துளைக்கும் பழைய ட்ரில்தான் அவளிடம் இருந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு நூறு அகப்பை தருவதாகப் பிலிமத்தலாவைக் கடைக்காரர் ஒருவரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நாள்தான். தவறினால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

மறுநாள் ட்ரில்லையும் நாலைந்து சிரட்டையையும் பையில் போட்டுக்கொண்டு, தையல் மெஷின் திருத்தும் பாயிஸின் கடைக்குப் போனாள். அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“நானா, இத கரண்டுல சுத்த வைக்க முடியுமா?”

“ஏலாம என்ன தங்கச்சி? மோட்டர் ஒண்டு சும்மா கெடக்குது.”

உள்ளே போனவர் ஒரு மெஷின் மோட்டரோடு வந்தார். அவர் மனைவி ஷஹ்மாவும் பின்னாலேயே வந்து நின்றாள்.

பாயிஸ் ட்ரில்லின் கைப்பிடியைக் கழற்றினார். அந்த இடத்தில் பெல்ட் ஓடும் சக்கரச் சில்லு ஒன்றைப் பூட்டி, மோட்டரிலிருந்து பெல்ட் போட்டார். கலாராணி மோட்டரின் கால்மிதியை அழுத்தினாள். சிரட்டையிலிருந்து புகை கிளம்பியது.

“துளை போடச் சொன்னா, நீங்க அடுப்பு மூட்டுறீங்க!” என்றாள் ஷஹ்மா.

கை மெதுவாகச் சுற்றுவதை வேகமாக்கத்தான் ட்ரில்லில் அந்தப் பெரிய பல்சக்கரம். மோட்டருக்கு அது எதற்கு? பாயிஸ் நெற்றியில் தட்டிக்கொண்டு அதையும் கழற்றினார். நடுத்தண்டிலேயே பெரிய சில்லொன்றைப் பூட்டி, எல்லாவற்றையும் பலகையில் இறுக்கினார். வேகம் சரியாகிவிட்டது. ஆனால் ட்ரில்லின் முனை சிரட்டையைத் தேய்த்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

“பெல்ட்ட எட்டு மாதிரிக் குறுக்காப் போடுங்களே,” என்றாள் ஷஹ்மா.

“இத மொதல்லயே சொன்னா என்ன?”

“கேட்டாத்தானே சொல்லலாம்!”

குறுக்காகப் போட்டதும் துளை விழுந்தது, வட்டமாக, சுத்தமாக. கலாராணி இன்னொன்று போட்டாள். பிறகு தேவையே இல்லாமல் மூன்றாவதும் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“மோட்டருக்கு என்ன தரணும் நானா?”

“எங்களுக்காகவும் சாமியக் கும்பிடுங்க, போதும்.”

வீட்டில் அம்மா கால்மிதியை அழுத்துவதை லோஜினி குனிந்து பார்த்துக் கூவினாள்: “அம்மா, சாமி குடுத்த கை ஒங்க கால்லதான் இருக்கு!”

ஒன்பதாம் நாளே நூறும் முடிந்தன. நூற்றியோராவது அகப்பையை ஷஹ்மாவுக்கு எடுத்துப் போனாள் கலாராணி. கடையின் பின்பக்கம் ஷஹ்மா மெஷினைக் காலால் மிதித்து மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மோட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திருகாணித் துளை. சுற்றிலும் நிறம் மங்காத பெயின்ட். ‘சும்மா கெடந்த’ மோட்டர் எது என்று கலாராணிக்குப் புரிந்தது. மறைத்துக் கொடுத்ததை வாங்கியவர் வெளிச்சம் போடலாகாது. அகப்பையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

புத்தாண்டு கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை. பாயிஸ் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். ஆளில்லை என்பதற்கு அடையாளமாக, வழக்கம்போல் கடை வாசலில் குறுக்கே அவர் உட்காரும் கதிரை. ஷஹ்மா தாய் வீட்டில். கலாராணி கதிரையை நகர்த்தி உள்ளே போய், பையிலிருந்த புது மோட்டரை எடுத்தாள். திருகாணியை இறுக்கும் அளவுக்கு மணிக்கட்டு தேறியிருந்தது. பெல்ட்டை நேராகப் போட்டாள். ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். மெஷின் ஓடியது.

துணியால் அதை மூடினாள். வெளியே வந்து, கதிரையை இருந்தபடியே குறுக்கே வைத்தாள்.