எஞ்சிக் கமாருலின் தமிழ்

திலீபன் அந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. அது தானாக வந்து அவன் தலையில் விழுந்தது. மலேசியாவின் மலாக்கா பக்கத்தில் அலோர் காஜாவில், ரப்பர் சிறுதோட்டக்காரர்களின் காரியங்களைக் கவனிக்கிற ஓர் அலுவலகத்தில் அவன் முகப்பு மேசைக்காரன். உரத்துக்கு மனுப்போட வருகிறவர்கள், புது மரக்கன்று கேட்டு வருகிறவர்கள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் என எல்லாரையும் முதலில் பார்ப்பது அவன்தான். அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். அந்தத் தகுதிதான் அவனை மாட்டிவிட்டது.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். ரப்பர் விளைவிக்கிற நாடுகளும் வாங்குகிற நாடுகளும் சேர்ந்து நடத்திய கூட்டு ஒன்று இருந்தது. விலை விழும்போது சரக்கை வாங்கிக் கிடங்கில் போடுவதும், ஏறும்போது எடுத்து விற்பதும் அதன் வேலை. அந்தக் கூட்டிலிருந்து விலகுவதென்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. முடிவு செய்தது இருக்கட்டும். அதைப் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவனுக்குப் புரியும்படி யாரும் வந்து சொல்லவில்லை. காப்பிக்கடையில் ஒருவர், "விலகியாச்சு" என்பார். பக்கத்து மேசைக்காரர், "நோட்டீஸ்தான் குடுத்துருக்கு, இன்னும் உள்ளுக்குள்ளதான் இருக்கோம்" என்பார். மூன்றாமவர், தன் மச்சான் கோலாலம்பூரில் லோரி ஓட்டுகிறான் என்ற அதிகாரத்தில், "திரும்பச் சேரப் போறாங்களாம் லா" என்பார். விலை மட்டும் யாரையும் கேட்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. உறைந்த கட்டிப்பாலை விற்றுவிட்டு வருகிறவர்களின் முகம், சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்களின் முகம் போல இருந்தது.

முணுமுணுப்பு ஜாஸ்தியானதும், ஊர் ஊராகப் போய் விளக்கம் சொல்லச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. விளக்குகிற பொறுப்பு அலுவலக அதிகாரி எஞ்சிக் கமாருலுக்கு, அதாவது கமாருல் ஐயாவுக்கு, கிடைத்தது. ஐம்பதை நெருங்கியவர், நல்ல மனுஷர். யார் மேலும் கோபப்பட்டு திலீபன் பார்த்ததில்லை. தமிழர்கள் அதிகம் இருக்கிற இடங்களுக்கு மட்டும் திலீபனையும் கூட அழைத்துக்கொண்டார்.

முதல் கூட்டம் டுரியான் துங்கலில், கோயில் மண்டபத்தில் நடந்தது. எஞ்சிக் கமாருல் மேலிடம் அனுப்பிய உரையைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் மலாய் வரும். மீன் வாங்குகிற மலாய், பஸ்ஸில் சண்டை போடுகிற மலாய், போலீஸ்காரரைச் சமாளிக்கிற மலாய் எல்லாம் வரும். அவர் படித்ததோ காகிதத்து மலாய். 'நடுத்தர கால அளவிலான விலை நிலைப்படுத்தல் பொறியமைவு' என்று ஒரு சொற்றொடர் அதில் வரிக்கு வரி வந்தது.

திலீபன் முதலில் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தான். அந்தச் சொற்றொடரை வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னான். சொன்னவுடன் மண்டபம் மாடு வெறிப்பது போல் அவனை வெறித்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ராமையா கையைத் தூக்கினார். தோட்டத்தில் உழைத்து வந்த காசில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் பால்மரம் வைத்திருக்கிறவர். அந்த வட்டாரத்தில் அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு.

"தம்பி, அவரு மலாய்ல பேசுறாரு, செரி. நீங்க தமிழ்ல சொல்லுங்களேன்."

"இது தமிழ்தான் மாமா."

"எந்தூரு தமிழு?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. திலீபனுக்குக் காது சூடேறியது. ராமையா விடவில்லை. "ஒன்னே ஒன்னு கேட்டுச் சொல்லுங்க. இந்தக் கூட்டுல இருந்து வெலகுனா பால் வெல ஏறுமா, எறங்குமா?"

கேள்வியை திலீபன் மலாயில் கேட்டான். எஞ்சிக் கமாருல் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொன்னார். உலகச் சந்தை, செயற்கை ரப்பர், நாணய மதிப்பு, தாய்லாந்து, வாங்குகிற நாடுகளின் மனநிலை, பிறகு மறுபடியும் உலகச் சந்தை. மின்விசிறிக்குக் கீழே நின்று பேசியும் அவருக்கு வேர்த்துவிட்டது. பேசி முடித்து திலீபனைப் பார்த்தார். மண்டபமும் திலீபனைப் பார்த்தது.

அந்த நேரத்தில் அவன் நாக்கில் சனி வந்து உட்கார்ந்துகொண்டது.

"தெரியலையாம்" என்றான்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ராமையா எழுந்து நின்றே தட்டினார். பின்னால் நின்ற இளவட்டங்கள் இடைநிலைப்பள்ளி வரை மலாயில் படித்தவர்கள். அதிகாரி சொன்னது என்ன, இவன் சொன்னது என்ன என்று அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்களே தவிர, யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எஞ்சிக் கமாருல் நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கினார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவருக்கு யாரும் கைதட்டியதில்லை போலிருக்கிறது.

"இத்தன வருசம் உள்ளுக்குள்ள இருந்தோமே, அதுல நமக்கு என்ன கெடச்சுச்சு?" என்று இன்னொருவர் கேட்டார்.

மறுபடியும் நீளமான பதில்.

"அதுவும் தெரியலையாம். இருந்து பாத்தாச்சு, இனிமே இல்லாமப் பாப்போம்னு சொல்றாரு."

"நம்மள ஒரு வார்த்த கேட்டாங்களா?"

"கேக்கணும்னு தோணலையாம். மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்றாரு."

கூட்டம் முடிந்ததும் நாலைந்து பெண்கள் எஞ்சிக் கமாருலுக்கு வடையும் பாயசமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். "பாவம், நல்ல மனுசன். உள்ளத மறைக்காமச் சொல்றாரு" என்று ஒருத்தி சொன்னது திலீபன் காதில் விழுந்தது.

காரில் திரும்பும்போது எஞ்சிக் கமாருல் கடைசி வடையைத் தின்று முடித்தார். பிறகு, "திலீபன், உங்கள் மொழி எவ்வளவு சுருக்கமானது!" என்று மலாயில் வியந்தார்.

"ரொம்பப் பழைய மொழி எஞ்சிக். தேஞ்சு தேஞ்சு சின்னதாயிடுச்சு" என்று இவனும் மலாயில் சொல்லிவைத்தான்.

வீட்டில் மனைவி ஷாந்தினியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்ததும் முகம் மாறியது. "என்னங்க, விளையாட்டு வினையாயிடப் போவுது. அவருக்குத் தெரிஞ்சா வேல போயிடும் லா. ஒரு தடவையோட நிறுத்திக்குங்க."

நிறுத்தத்தான் நினைத்தான். ஆனால் டுரியான் துங்கலில் கிடைத்த கைதட்டலைப் பற்றி எஞ்சிக் கமாருல் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்து சிம்பாங் அம்பாட்டில் கூட்டம். அதற்குள் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. 'உண்மை பேசுகிற அதிகாரி' வருகிறார் என்று குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொறியமைவு என்று சொல்ல திலீபனுக்கு மனசு வரவில்லை. அவன் வளர்ந்ததும் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில்தான். அந்த முகங்கள் அவனுக்குப் புதிதல்ல. குறும்பாக ஆரம்பித்தது போய், அவனுக்கே உள்ளுக்குள் ஆத்திரம் சேர்ந்துகொண்டது. இவ்வளவு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒன்றுமே சொல்லாமல் அனுப்புகிறார்களே என்று இருந்தது. தங்கா பத்து ஊர்க் கூட்டம் முடிவதற்குள் எஞ்சிக் கமாருல், 'அரசாங்கம் தவறே செய்யாது என்று சொல்வதற்கில்லை' என்பதிலிருந்து, 'அவசரப்பட்டுட்டோமோன்னு எங்களுக்கே பயமா இருக்கு' என்பது வரைக்கும் தமிழில் பேசியிருந்தார். அவருக்குத்தான் அது தெரியாது.

மச்சாப் ஊரில் கதை வேறு மாதிரி ஆனது.

அங்கே நல்ல கூட்டம். எஞ்சிக் கமாருல் பழக்கத்தில் தெம்பாகப் பேசினார். திலீபன் பழக்கத்தில் தெம்பாகக் குறைத்தான். கடைசியில் நடுவரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். கழுத்து வரை பின் குத்திய பருத்திச் சேலை, மூக்குக்கண்ணாடி. பாக்கியலட்சுமி டீச்சர் என்று பக்கத்தில் இருந்தவர் திலீபனுக்குச் சொன்னார். "நம்ம பிள்ளைங்களுக்கு மலாய் டியூஷன் எடுக்குறாங்க தம்பி. புருசன் பால்மரம் வெட்டுறாரு."

மலாய் டியூஷன் என்ற சொல் காதில் ஏறியதும் திலீபன் பின்கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தான்.

டீச்சர் மொழிபெயர்ப்பாளரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அதிகாரியைப் பார்த்து, காகிதத்து மலாய்க்கும் ஒரு படி மேலான மலாயில் பேசினார்:

"எஞ்சிக், நான் நிறைய விளக்கக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். எங்களுக்குத் தெரியவில்லை, உங்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டோம், எங்களுக்கே பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன முதல் அதிகாரி நீங்கள்தான். எங்கள் எல்லார் சார்பிலும் நன்றி."

நன்றி என்ற சொல் மட்டும் புரிந்தவர்களும் சேர்ந்து எல்லாரும் தட்டினார்கள். எஞ்சிக் கமாருலின் சிரிப்பு உடனே மறையவில்லை. முதலில் கண்ணிலிருந்து போயிற்று, பிறகு கன்னத்திலிருந்து. பல் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மெதுவாக திலீபன் பக்கம் திரும்பினார். திலீபன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பழுது பார்க்க வந்தவன் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எப்போது அப்படிச் சொன்னேன்?" என்று எஞ்சிக் கமாருல் சின்னக் குரலில் கேட்டார்.

"இப்பத்தான் எஞ்சிக்" என்றார் டீச்சர். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் எழுந்திருக்கிறார் என்பது அப்போதுதான் திலீபனுக்கு உறைத்தது.

"நீங்க சொன்னத மேலயும் போய்ச் சொல்லுங்க எஞ்சிக்!" என்று பின்னாலிருந்து ஒருவர் சந்தை மலாயில் கத்தினார். "விலகுறதுன்னா விலகுங்க, இருக்குறதுன்னா இருங்க. வாசப்படில நின்னுக்கிட்டு எங்கள ஏன் சாவடிக்கிறீங்க!" என்று இன்னொருவர் கத்தினார். சிரிப்பு அடங்கிவிட்டது. மாதக் கணக்கில் காப்பிக்கடையில் தேங்கிக் கிடந்த கோபம் இப்போது மண்டபத்தில் எழுந்து நின்றது.

எஞ்சிக் கமாருல் கையிலிருந்த உரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். இந்தப் பையன் சொன்னதெல்லாம் பொய், நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திலீபனின் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவர் உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"தாக் தாவ்" என்றார். தெரியாது. மீன் வாங்குகிற மலாய். "உண்மையாவே எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இதுவரைக்கும் எங்கிட்டயும் சொல்லல."

அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் எஞ்சிக் கமாருல் சாலையோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் காரை நிறுத்தினார். இரண்டு தேத்தாரே, நுரைக்க ஆற்றிய பால் தேநீர், சொன்னார். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "டுரியான் துங்கலிலிருந்து ஆரம்பி. நான் என்னென்ன பேசினேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

வேறு வழியில்லை. திலீபன் எல்லாவற்றையும் மலாய்க்குத் திருப்பிச் சொன்னான். அவன் உண்மையிலேயே வார்த்தை பிசகாமல் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். 'தெரியலையாம்' வந்தபோது அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். 'இனிமே இல்லாமப் பாப்போம்' வந்தபோது தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று திலீபன் பயந்துபோனான். சிரித்துக்கொண்டிருந்தார். தேநீர் தளும்பிச் சட்டையெல்லாம் ஆயிற்று.

"அந்த வடையும் பாயசமும்?"

"இதுக்குத்தான் எஞ்சிக்."

துடைத்துக்கொண்டே அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினார். "என் மனைவி ரெம்பாவ்க்காரி. அங்கே நிலமெல்லாம் பெண்களுக்குத்தான். அவளுக்கும் ரப்பர் இருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, விலை ஏறுமா இறங்குமா என்று கேட்கிறாள். நானும் இந்த உரையைத்தான் அவளுக்குச் சொல்கிறேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்." "உனக்கு ரொம்பத் துணிச்சல். நான் உன்மேல் புகார் எழுத வேண்டும். நியாயமாகப் பார்த்தால் எழுதத்தான் வேண்டும்."

"எஞ்சிக் இஷ்டம்" என்றான் திலீபன்.

"அடுத்த வாரம் மஸ்ஜிட் தானாவில் கூட்டம் இருக்கிறது. அது முடியட்டும்" என்று சொல்லிவிட்டுக் காசு கொடுக்க எழுந்தார்.

மஸ்ஜிட் தானாவுக்கு அவர் உரையைக் கொண்டுவரவே இல்லை. கையை வீசிக்கொண்டு வந்தார். கூட்டு என்றால் என்ன, எதற்காக விலகுகிறோம் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள், அதில் எது தனக்குப் புரிந்தது, எது புரியவில்லை என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். மனைவியின் தட்டுக் கதையையும் சொன்னார். தெரியாததை இரண்டு இடத்தில் தெரியாது என்றார். திலீபன் அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஜனங்கள் கேட்டார்கள், கேள்வி கேட்டார்கள், இரண்டு மூன்று பேர் நன்றாகத் திட்டினார்கள். எஞ்சிக் கமாருல் திட்டுகளையும் மொழிபெயர்க்கச் சொல்லித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அன்றைக்குக் கைதட்டல் சுமார்தான். ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் பலர் போகாமல் அவரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

புகார் எழுதப்படவில்லை. விளக்கக் கூட்டங்கள் மட்டும் அதோடு நின்றுபோயின. ஏன் என்று மேலிடம் அலுவலகத்துக்குச் சொல்லவில்லை.

அன்று மஸ்ஜிட் தானாவில் திலீபன் காரில் ஏறப்போகும்போது கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் வழிமறித்தார். முகத்தில் பெரிய ஏமாற்றம். "தம்பி, தங்கா பத்துக் கூட்டத்துக்கு எங்க அண்ணன் போயிருந்தாரு. நீங்க பிரமாதமாச் சொன்னீங்கன்னு சொல்லித்தான் வேலையப் போட்டுட்டு வந்தேன். இன்னைக்கு என்ன, அவரு சொல்றதையே சொல்லிக்கிட்டு இருக்கீங்க?"

உள்ளே உட்கார்ந்திருந்த எஞ்சிக் கமாருல் கார்க் கண்ணாடியை இறக்கி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

திலீபன் கதவைத் திறந்துகொண்டே சொன்னான்.

"என் தமிழ் மோசமாயிடுச்சாம், எஞ்சிக்."