அறுநூற்று நாற்பத்தொன்று

மூன்றாவது ஓட்டத்திலும் அறுநூற்று இருபத்தெட்டுதான் வந்தது. அண்ணன் பிக்கப்பிலிருந்து இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தினான்.

"உன் மெஷின் செத்துப்போச்சுடா."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நான் செத்துட்டேனா?"

தம்பி கணினித் திரையிலேயே கண்ணை வைத்திருந்தான். வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, நான்கு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டி, சக்கரத்தில் எத்தனை குதிரைத்திறன் வருகிறது என்று அளந்து காகிதத்தில் அடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. எஞ்சினைப் பிரித்து, கூடுதல் பலத்தோடு திரும்பக் கட்டுவது அண்ணன் பிழைப்பு. போன வருஷம் இதே பிக்கப்புக்கு இதே ஷெட்டில் அறுநூற்று நாற்பத்தொன்று வந்தது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் பதினாலு வருஷ வேலையை அண்ணன் உதறினான். சொந்தமாகப் பட்டறை போட்டான். ஊரில் பாதிப் பேருக்கு அவன் பெயரே தெரியாது. ஆறு நாலு ஒண்ணு என்றால்தான் தெரியும்.

ஒரு வருஷம் ராவும் பகலும் அந்த எஞ்சினோடு மல்லுக்கட்டினான். எழுநூறு வரும் என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தான். இப்போது போன வருஷத்தைவிடப் பதிமூன்று குறைச்சல்.

"சின்ன புல்லி கொண்டுவந்திருக்கேன். மாட்டிட்டு இன்னொரு தடவை ஓட்டுவோம்" என்றான் அண்ணன்.

எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் சூப்பர்சார்ஜர், அதன் பெல்ட் ஓடும் புல்லி சின்னதானால் இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் திணிக்கும். ஆனால் எஞ்சின் உள்ளே தட்ட ஆரம்பித்துவிட்டதைத் திரையின் கீழ்க்கோடு ஏற்கெனவே காட்டிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் திணித்தால் பிஸ்டன் உடையும்.

"கொஞ்சம் பொறு. பழைய ஃபைலைப் பாத்துடறேன்."

"பாத்து என்னத்தைக் கிழிக்கப் போற?" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் ஸ்பேனர் எடுக்கப் போனான்.

இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தான் தம்பி. மெஷின் அளக்கும் எண் அப்படியே காகிதத்துக்கு வராது. வெயில் நாளில் காற்றில் சத்து குறைவு, எஞ்சின் மூச்சு வாங்கும். அதனால் அன்றைய சூட்டைப் பார்த்து மெஷினே கொஞ்சம் கூட்டிப் போடும். இன்று மெஷின் அளந்தது அறுநூற்று ஆறு. சூடு முப்பத்தொரு டிகிரி. கூட்டிப் போட்டது இருபத்திரண்டு.

போன வருஷம் அளந்தது ஐந்நூற்று எண்பத்தெட்டு. கூட்டிப் போட்டது ஐம்பத்து மூன்று. ஷெட்டுக்குள் சூடு அறுபத்தொரு டிகிரி.

அறுபத்தொரு டிகிரியில் மனுஷன் நிற்க முடியுமா? அன்று ஷெட்டுக்குள் ஐந்து பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் உறைத்தது. போன வருஷம் புதுப் பெரிய ஃபேன் வாங்கியபோது, அதன் காற்று படக்கூடாதென்று சூடு பார்க்கும் ஒயரைப் பின்சுவர் ஆணியில் மாட்டியிருந்தான். சைலன்சர் புகை வந்து மோதும் சுவர் அது. இரண்டு மாதம் கழித்து ஒயரின் தோல் உருகியது. வேறு ஆணிக்கு மாற்றினான். ஏன் உருகியது என்று மட்டும் யோசிக்கவில்லை.

அன்றும் இதே மாதிரி வெயில்தான். இன்றைய சூட்டை வைத்துப் பழைய ஓட்டத்தைத் திரும்பக் கணக்குப் போட்டான். அறுநூற்று ஒன்பது.

அண்ணன் பானட்டுக்குள் தலையை விட்டு முதல் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தான். சும்மா இருந்தால் எஞ்சின் போகும். வாயைத் திறந்தால் வேறொன்று போகும்.

"அண்ணா, நிறுத்து. அறுநூத்தி நாப்பத்தொண்ணு வரவே இல்ல."

"என்னது?"

"போன வருஷம் வந்தது அறுநூத்தி ஒம்பது. தப்பு என்னுது." ஆணி, ஒயர், புகை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

அண்ணன் நிமிர்ந்தான். நேராகக் கணினிக்கு வந்து இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தான். திரையில் கிரீஸ் அப்பியது.

"நான் வேலையை விட்டது உன் பேப்பரைப் பாத்துடா."

"தெரியும்."

"அறுநூத்தி ஒம்பதுன்னு குடுத்திருந்தா விட்டிருப்பேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியல." நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்ப இந்த ஒரு வருஷத்துல பத்தொம்பது ஏத்தியிருக்கேன்."

"ஆமா. அது நிஜம்."

"பத்தொம்பது." நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. "அந்த ஆணியில ஒயர் தொங்கினப்ப இன்னும் எத்தனை வண்டிக்கு அளந்த?"

தம்பி பட்டியலை எண்ணினான். "பதினொண்ணு."

"அதுல எவன் எதை விட்டானோ." அண்ணன் எழுந்தான். "எல்லாருக்கும் போன் போடு. இன்னிக்கே."

தளர்த்திய நட்டைத் திரும்ப முறுக்கினான். பட்டைகளை அவிழ்க்கத் தம்பி குனிந்தபோது, "நகரு" என்று அவனைத் தள்ளிவிட்டுத் தானே அவிழ்த்தான். வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டவன் கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணிகிட்ட நீ எதுவும் உளறாத. நானே சொல்லிக்கறேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"வீட்டுக்குப் போறதுக்குள்ள தெரிஞ்சுடும்."

பிக்கப் மெதுவாக வெளியே போனது. தம்பி பட்டியலில் முதல் எண்ணை அழுத்தினான். எடுத்தவன் தம்பியின் குரலைக் கேட்டதும், "என்ன தலைவரே, என் வண்டி பெருமையைப் பேசத்தான் கூப்பிட்டீங்களா?" என்று சிரித்தான்.

அவன் சிரித்து முடிக்கும்வரை தம்பி காத்திருந்தான்.