மேற்கே மூன்று மீட்டர்

ஜூலையில் அது எனக்குப் பதினான்காவது எல்லைத் தகராறு. பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, தோமே ஊரில் நில அளவையாளன் என்று சொல்லிக்கொள்ளவே அயர்ச்சியாக இருந்தது. மழை வேறு. அளவைக் கருவியின் முக்காலியைச் சுமந்துகொண்டு சேற்றில் மேடேறினேன்.

தோன் நிபால்டோ வரைபடத்தோடு முற்றத்தில் நின்றிருந்தார். நான்கு வருடத்துக்கு முந்தைய படம். மனையின் நான்கு மூலைகளுக்கும் செயற்கைக்கோள் எண்கள் எழுதியிருந்தன. சாலைக் கம்பெனியில் வேலை செய்யும் அவருடைய மருமகன் அளவைக் கருவியைக் கொண்டுவந்து, கிழக்கு மூலைகள் இரண்டையும் அந்த எண்களை வைத்துத் தேடியிருக்கிறான். அவை வேலியில் விழவில்லை. வேலி தாண்டி மூன்று மீட்டர் தள்ளி விழுந்தன. இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால், அது பக்கத்து வீட்டு சென்யோரா எதெல்மிராவின் சமையலறைக்குள் புகுந்து போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் இடிக்க வேண்டும் என்று அவர் கெடு வைத்துவிட்டார்.

பழைய சமையலறை நிலநடுக்கத்தில் விழுந்தபின், அதே இடத்தில் நிவாரணப் பலகைகளை அடித்து அவளே எழுப்பியது அது. கெடு வந்ததும் பாதிக் கூரையோடு வேலையை நிறுத்திவிட்டாள்.

“இத்தனை வருஷமா என் நிலத்துல சமைச்சிருக்கா. கருவி பொய் சொல்லுமா, சர்வேயரே?”

“சொல்லாது, தோன் நிபால்டோ.”

“கேட்டீங்களா, சென்யோரா!”

“காது நல்லாத்தான் இருக்கு,” என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, மாவு ஒட்டிய கையோடு. “ஊரே இடிஞ்சு விழுந்துச்சு, உங்க வாய் மட்டும் அப்படியே இருக்கு.”

பதிமூன்று வீடுகளில் சொன்னதை மறுபடி சொன்னேன். “கடலுக்கடியில இருக்கிற தட்டு நம்ம கண்டத்துக்குக் கீழ புகுந்து, நூறு வருஷத்துக்கு மேல இந்தக் கரையைக் கிழக்கே நெருக்கிட்டே இருந்துச்சு. பிப்ரவரியில அன்னிக்கு ராத்திரி பிடி விட்டுடுச்சு. மலை, வேலி, சமையலறை, நீங்க, நான், எல்லாரும் சேர்ந்து மேற்கே மூணு மீட்டர் போயிட்டோம். படத்துல இருக்கிற எண் மட்டும் வரல.”

“கண்டம் நடந்துச்சா? எனக்குத் தெரியாமலா?”

“குறட்டை விட்டுட்டிருந்தீங்க,” என்றாள் எதெல்மிரா.

“நீங்க அவ கட்சி,” என்றார் என்னைப் பார்த்து.

எனக்கு வாதாடத் தெம்பில்லை. “கிழக்கு மூலைதானே பார்த்தீங்க? மேற்கு மூலையையும் அதே படத்தை வச்சுப் பார்த்துடுவோம்.”

மேற்கு மூலைகள் வீட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என விழுந்தன. இரண்டு புள்ளிகளிலும் ஆணி அடித்தேன். நடுவில் நூல் கட்ட, ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். ஒரு ஜன்னலில் நுழைந்த நூல் அவர் கட்டிலின் குறுக்கே ஓடி அடுத்த ஜன்னல் வழியாக வெளியேறியது. நூலுக்கு மேற்கே இருந்ததெல்லாம் அந்தக் கணக்குப்படி நகராட்சித் தெரு.

எதெல்மிரா எட்டிப் பார்த்தாள். “பஸ் வர்ற நேரம் பார்த்துப் புரண்டு படுங்க, தோன் நிபால்டோ.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார், தெருவின் பக்கம். நூலை விரலால் ஒரு தரம் சுண்டினார். பிறகு, “வேலிதான் எல்லைன்னு எழுதுங்க,” என்றார்.

எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவளுடைய கையெழுத்தில் மாவு ஒட்டியிருந்தது.

“அப்போ நான் கூரையை முடிக்கலாமா?”

“முடிக்கலாம், சென்யோரா.”

“மறுபடி நகருமா?”

“நகரும். எப்பன்னு தெரியாது.”

“சரி. அதுக்குள்ள முடிச்சுடறேன்.”

அடுத்த வீட்டுக்காக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது சுத்தியல் சத்தம் கேட்டது. நடுவே, ஏணியை நேராகப் பிடிக்கச் சொல்லி அவள் யாரையோ அதட்டுவதும். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. முக்காலி தோளை அழுத்தியது.