போயாவன்று நயினாதீவுக்கு

கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டிய வீட்டில் யாருக்கு எங்கே பயணம் போக வேண்டுமென்றாலும் ஜெயராணியைத்தான் கேட்பார்கள். கதிர்காமமா, முன்னேஸ்வரமா, எந்த வழியால் போவது, எங்கே சாயத்தண்ணி குடிக்க நிறுத்துவது, யாருக்கு வாந்தி வரும், அவரை எந்த சீட்டில் உட்கார வைப்பது, எல்லாம் அவள் வாயில்தான். புருஷன் ரவிகுமார் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். ஸ்டியரிங் அவன் கையில், வண்டி அவள் கையில் என்று தெல்தோட்டைச் சொந்தங்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலி என்றால் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல்.

அப்படிப்பட்டவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்க, அவளைக் கேட்காமல், நேற்று வந்த ஒருத்தியைக் கேட்டாள் அழகம்மா.

அழகம்மா ரவிகுமாரின் அக்கா. சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். குளிப்பாட்டுவதும், வீல் செயாரிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்துவதும் ஜெயராணிதான். நேற்று வந்தவள் சிந்துஜா. ரவிகுமாரின் தம்பி யுகேஷ் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த புங்குடுதீவுக்காரி. கல்யாணமாகி ஒரு பொங்கல்தான் கழிந்திருந்தது.

“சிந்து, நயினாதீவு அம்மனப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. உச்சிப் பூசைல நின்னு கும்பிடுறதா நேந்திருக்கேன். இந்தக் காலோட போக முடியுமாம்மா?”

“ஏன் ஏலாது மச்சாள்? எங்கட ஊர்க் கரையில இருந்துதானே படகு வெளிக்கிடுறது. நான் கூட்டிக்கொண்டு போறன்.”

நான் கூட்டிக்கொண்டு போறேனாம்! தேங்காயோடு சேர்ந்து ஜெயராணியின் விரலும் துருவிக்கொண்டது. ரத்தம் வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அழகம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது என்பார்களே, அதை அன்றுதான் ஜெயராணி கண்ணால் கண்டாள். மச்சாளாம் மச்சாள். அண்ணி என்று கூப்பிட்டால் வாய் நோகுமா?

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடிப் பேசினார்கள். வழக்கமாக ஜெயராணி பேசுவாள், மற்றவர்கள் ரொட்டியைத் தின்றுகொண்டு தலையாட்டுவார்கள். அன்று சிந்துஜா பேசினாள்.

“எங்கட குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் வேன் போகும். பிரச்சினை அங்கதான். படகுக்குள்ள இறங்குற படி செங்குத்து. வீல் கதிரையோட இறக்க ஏலாது, தூக்கித்தான் இறக்க வேணும். அதால கிழமை நாள்ல, விடிய வெள்ளணப் போனா சனம் இருக்காது. ஆறுதலா ஏத்தலாம்.”

ரவிகுமார் தலையாட்டினான். யுகேஷ் தலையாட்டினான். பெண்டாட்டி சொன்னால் அவன் தலையைக் கழற்றியும் கொடுப்பான். அழகம்மா, “கேட்டியா ஜெயா, படி வரைக்கும் யோசிச்சு வச்சிருக்கா புள்ள” என்றாள். அதுதான் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது.

“கிழமை நாள்ல எப்பிடிப் போறது?” என்றாள் ஜெயராணி. “ஸ்கூல் வேன் ஹயர யார் ஓட்டுறது? யுகேஷ் தம்பிக்குக் கடைல லீவு குடுப்பாங்களா? பௌர்ணமிப் போயாவுக்குப் போவோம். எல்லாருக்கும் லீவு. இத்தன வருஷமா போயாவுலதான் போறோம், வாறோம். என்ன கொறஞ்சு போச்சு?”

“போயாவுக்கு வேண்டாம் அக்கா. அங்க நாக விகாரையும் இருக்கு. தெற்கில இருந்து பஸ் பஸ்ஸா வருவினம். ரெண்டு இடத்துக்கும் ஒரே படகுதான். மச்சாள் வெயில்ல காய வேண்டி வரும்.”

கண்டியில் இருக்கிற ஒருத்திக்கு இதை இன்னொருத்தி சொல்லித்தர வேண்டுமா? போயா வந்தால் புத்தரின் பல் இருக்கிற மாளிகாவைப் பக்கம் வெள்ளை உடுத்த சனம் நிறைந்து, டவுனுக்குள் வேன் நுழையாது என்று ஒவ்வொரு மாதமும் திட்டித் தீர்ப்பவளே ஜெயராணிதான். ஆனாலும் போயா என்றால் லீவு, லீவு என்றால் பயணம் என்று ஊறிய புத்திக்கு, கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு விகாரை உண்டு என்பது உறைக்காமல் போயிற்று. இந்தப் பெண் சொன்னதும் சுள்ளென்று உறைத்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று மனசு அறிந்தது. சரியாகச் சொன்னதுதானே குற்றம்! வேறு யார் சொல்லியிருந்தாலும் ஜெயராணி கேட்டிருப்பாள்.

“ஒங்க ஊரப் பத்தி ஒனக்குத் தெரியும். பயணத்தப் பத்தி எனக்குத் தெரியும்” என்றாள். “போயாதான்.”

சிந்துஜா அழகம்மாவைப் பார்த்தாள். அழகம்மா ஜெயராணியைப் பார்த்துவிட்டு, “ஜெயா சொல்றபடியே போவோம்” என்றாள். ஜெயராணிக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சி போயா வரைக்கும்கூட நிற்கவில்லை. முதல் நாள் புறப்படும்போது வேன் முன்னால் தேங்காய் உடைக்க, “சிந்து, நீ ஒட. ஒங்க ஊருக்குத்தானே போறோம்” என்றுவிட்டாள் அழகம்மா. தேங்காய் சரிபாதியாக வேறு உடைந்து தொலைந்தது. மாத்தளை தாண்டும்வரை ஜெயராணி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை குறிகட்டுவானில் போய் இறங்கினால், அடேயப்பா! கரையெல்லாம் வெள்ளை. வரிசை இறங்குதுறையிலிருந்து புறப்பட்டு பஸ்களைச் சுற்றி வளைந்து, வால் எங்கே என்றே தெரியவில்லை. நிழலென்று ஒரு மரம் இல்லை. ரவிகுமார் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். சிந்துஜா அதுகூடப் பார்க்கவில்லை. ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன? பிடித்துச் சண்டை போடலாம். அந்தப் பாவி மகள் அழகம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெயில் ஏறியது. அழகம்மாவுக்கு வியர்த்து, உதடு காய்ந்து, தலை ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. இப்படியே நின்றால் உச்சிப் பூசை போய்விடும், அதற்கு முன் அழகம்மாவே போய்விடுவாளோ என்று ஜெயராணி பயந்துபோனாள். சிந்துஜா குடையை யுகேஷிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். திரும்பி வரும்போது இரண்டு படகுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“ஏலாத ஆளை முதல்ல ஏத்தலாம்” என்றான் ஒருவன். “கூட ஓராள்தான் வரலாம். மிச்ச ஆக்கள் வரிசையில வாங்கோ.”

மற்றவர்களுக்குப் பூசை கிடைக்காது என்பது எல்லோருக்கும் விளங்கியது. கூடப் போகப்போகிறவள் யார் என்பதும் விளங்கியது. ஊர் அவளுடையது, கோயில் அவளுக்குத் தெரிந்தது, படகுக்காரனைப் பிடித்ததும் அவள். சிந்துஜா அர்ச்சனைத் தட்டைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். ஜெயராணி கடலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாயே, இந்தக் கண்றாவியையும் நான் பார்க்கணுமா என்று அம்மனிடமே கோபித்துக்கொண்டாள்.

“ஜெயா வரட்டும்” என்றாள் அழகம்மா.

ஜெயராணிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. சிந்துஜாவின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு தட்டை அவளிடம் நீட்டி, “கவனமாப் போயிட்டு வாங்கோ அக்கா” என்றாள். ஜெயராணி தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். படகுக்காரர்கள் அழகம்மாவைத் தூக்கிச் செங்குத்துப் படியில் இறக்கினார்கள். அத்தனை சனமும் பார்க்க, ஜெயராணி பின்னால் இறங்கினாள்.

படகு நகர்ந்தது. காற்றுப் பட்டதும் அழகம்மாவுக்கு உயிர் வந்தது. ஜெயராணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“பாத்தீங்களா அண்ணி, என்ன இருந்தாலும் கடைசில நான்தானே வேண்டியிருக்கு.”

அழகம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“கோவிச்சுக்காத ஜெயா. அந்தப் புள்ளய விட்டுட்டு வந்தா அவ தாங்கிக்குவா. ஒன்னய விட்டுட்டு வந்தா நீ தாங்கமாட்ட. அதான் ஒன்னயக் கூப்புட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். குழந்தைக்குச் சொல்வதுபோல அல்லவா சொன்னாள். ஜெயராணிக்கு முகம் கொதித்தது. அந்தக் குடும்பத்தில் தாங்குகிறவள் என்றால் அவள்தானே? யார் கோபித்தாலும், யார் நோயில் படுத்தாலும், ‘ஜெயராணி தாங்குவா’ என்றுதானே இத்தனை வருஷமும் சொன்னார்கள்? தேங்காய் போனால் போகட்டும், பயணம் போனால் போகட்டும். அந்தப் பேரையும் அல்லவா அந்த நேற்று வந்தவள் கொண்டுபோய்விட்டாள்!

கரையில் வரிசை ஓரத்தில் சிந்துஜா வெயிலில் நின்றாள். அழகம்மா அவளைப் பார்த்துக் கை காட்டினாள். படகில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று ஜெயராணியும் கையை உயர்த்தினாள்.