கல்லறையிலிருந்து தொடங்கிய பேய்ச் சுற்றுலா

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர்கள் முன்பின் தெரியாத ஒரு தம்பதி. என் மனைவியைப் பேய் என்று நினைத்து ஓட்டம் பிடித்தவர்கள். எங்கிருந்தாலும் அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'மழை ஓய்ந்த மாலையில், பாழடைந்த மருத்துவமனையின் ஜன்னலில் ஒரு வெண்ணிற உருவம்...'

[மழையே இல்ல. சுள்ளுனு வெயில். தலையில கட்டின துணி மட்டும்தான் வெள்ளை.]

சதுர அடைப்புக்குள் வருவது என் மனைவி. பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். அவள் பென்சிலுக்குத் தப்பி என் கதை எதுவும் வெளியே போனதில்லை.

2

சிகிச்சையின் முதல் சுற்று முடிந்து வீடு வந்தபின் அவள் வாசலைத் தாண்டவில்லை. முடி கொட்டியிருந்தது, முகம் வெளுத்திருந்தது. தினமும் நடந்தால்தான் இரண்டாம் சுற்றை உடம்பு தாங்கும் என்றார் மருத்துவர். இவளோ இரண்டாம் சுற்றே வேண்டாம் என்றாள்.

"போதுங்க. என்னை விட்டுடுங்க."

கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போது அவள் முதுகு ஒரு

(அந்த வரியை அடித்துவிட்டேன். உவமை வேண்டாம். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.)

3

நூலகத்தில் ஒரு மடக்குத் தாள் கிடைத்தது. நகரத்தில் பேய் உலவும் பழைய இடங்களின் பட்டியல். வழிகாட்டி இல்லாமல், தாளைப் பார்த்து நாமே நடந்து போகலாம். எல்லா இடத்திலும் ஒரே பேய்தான், எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஒரு நாடக நடிகை. அவள் சிறுமியாக இருந்த மேட்டு வீடு, நடித்த அரங்கம், நோயில் கிடந்த மருத்துவமனை, கடைசியாகக் கல்லறை.

"இந்தத் தாள்ல தப்பு நிறைய இருக்காம்," என்று அளந்துவிட்டேன்.

"யாரு சொன்னா?"

"நேர்ல போய்ப் பாத்தாத்தானே தெரியும்."

பிழை என்றால் அவளுக்குக் கை அரிக்கும். மறுநாள் காலை செருப்பைத் தேடினாள்.

பேருந்தை விட்டு இறங்கியதும் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "கடைசியில இருந்து ஆரம்பிக்கலாம்."

அவள் வேலை செய்வதே அப்படித்தான். கடைசி வரியில் தொடங்கி மேலே போவாள். முன்னாலிருந்து படித்தால் கதை ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை கண்ணில் படாது என்பாள். பழக்க தோஷம் காலுக்கும் வந்துவிட்டது.

கல்லறையில் குனிந்து பார்த்தவள் துள்ளினாள். "பாத்தீங்களா! கல்லுல ஒரு வருஷம், தாள்ல வேற வருஷம்!"

என் பொய் பலித்துவிட்டது. இதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் அந்தக் கல்லுக்கே சொன்னேன்.

4

மருத்துவமனை மூடிக் கிடந்தது. தாழ்வாரம் மட்டும் திறந்திருந்தது. ஜன்னல் திட்டில் உட்கார்ந்தவள், உள்ளே துருப்பிடித்த கட்டில்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வீட்டுக்குப் போயிடலாங்க."

வண்டி பிடிக்கத் தெருவுக்குப் போனேன்.

(இனி வருவது அவள் சொல்லித் தெரிந்தது. நான் சேர்த்தது ஒன்றுமில்லை.

[கொஞ்சம் சேத்திருக்கீங்க. பரவாயில்ல, இருக்கட்டும்.])

தாளில் போட்டிருந்த வரிசைப்படியே ஒரு தம்பதி எதிர்ப்பக்கமிருந்து வந்தார்கள். கணவர் உரக்கப் படித்தார்: "ஜன்னலோரம், வெளுத்த முகத்தோடு, தலையில் கட்டுடன் அவள் இன்றும்..." நிமிர்ந்தார்.

என் மனைவி மரியாதையாகச் சொன்னாள்: "நான் பாத்துட்டேன், அதுல செத்த வருஷம் தப்பா போட்டிருக்கு."

அவர் மனைவியைக் கூட விட்டுவிட்டு ஓடினார். அந்தம்மா, "என்னையும் கூட்டிட்டுப் போயா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

நான் திரும்பி வந்தபோது இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர், மூச்சு வாங்கியது. அந்தச் சிரிப்பை இனிக் கேட்கவே மாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

"வண்டி வேணாம், அனுப்பிடுங்க," என்றாள்.

5

அரங்கத்தைப் பார்த்துவிட்டு மேட்டில் ஏறினோம். பாதியில் நின்று தாளைக் காட்டினாள்.

"கவனிச்சீங்களா? நாம நடக்க நடக்க இவ பொழச்சுக்கிட்டே வர்றா. செத்துக் கிடந்தவ நடிக்க வந்துட்டா. மேல போனா பாவாடை கட்டின பொண்ணு."

அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ரெண்டாவது சுற்றுக்கு எப்போ வரச் சொன்னாங்க?"

நான் கீழே தெரிந்த கூரைகளைப் பார்த்தபடி

[பாக்கல. அழுதீங்க. அதை எழுதுங்க.]

அழுதேன்.

6

இந்தப் பகுதியை அவள் இன்னும் பார்க்கவில்லை. இரண்டாம் சுற்று முடிந்துவிட்டது. பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஆகவே கதையை முடிக்க என்னிடம் இருப்பவை இவைதான்.

'மருத்துவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்...' என் ஆசை.

'அடுத்த ஆண்டு அந்த மேட்டில் நான் தனியாக' இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.

வாசகரே, இரண்டில் எதையாவது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மூன்றாவதாக ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் கூட நடந்ததற்கு நன்றி. கடைசி வரியை மட்டும் உங்களுக்குத் தர முடியாது. நாளை காலை இந்தத் தாள்களைக் கையில் எடுத்ததும் அவள் அங்கிருந்துதான் தொடங்குவாள்.

மெதுவாகப் படிம்மா, அவசரமே இல்லை. நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.